பல்பில் கை வைத்தவன்

ஆறு வாரத்தில் நாலு ஹெட்லைட் பல்பு போனால் எந்த முதலாளிக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். அதிலும் அது அம்பத்தூர் கடைகளில் கிடைக்கிற சாதா பல்பு இல்லை. முதலாளி பார்த்தசாரதியின் மச்சினர் சிங்கப்பூரிலிருந்து விளக்குக் கூட்டோடு கொண்டுவந்து கொடுத்த ஹாலஜன் பல்பு. எழுபத்தைந்தாம் வருஷக் கார்த்திகையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேறு எந்த அம்பாசடருக்கும் அப்படியொரு வெளிச்சம் கிடையாது. பார்க்கச் சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும், போட்டால் ரோடு பட்டப்பகலாகிவிடும். வந்தது ஆறு, மிஞ்சியது இரண்டு.

பழி டிரைவர் துலுக்கானத்தின் தலையில் விழுந்தது. போட்டவர் ஸ்டோர் கீப்பர் செங்கல்வராயன். அவருக்கு உலகத்தில் இரண்டே ஜாதி, திருடினவன், இனிமேல் திருடப்போகிறவன். அன்று காலை முதலாளியின் மேஜைமேல் பல்புப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். பெட்டியின் பக்கவாட்டில் பல்பைத் தொடுகிற ஒரு கையின் படம், அதன்மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. கீழே யாருக்கும் வாசிக்கத் தெரியாத பாஷையில் நாலு வரி.

"பாருங்க சார், கை வெக்காதேன்னு பெட்டி மேலயே போட்டுக்கீறான். கை வெப்பானுங்கன்னு செஞ்சவனுக்கே தெரிஞ்சுகீது. இவன் நல்லதக் கழட்டிப் பட்டணத்துல வித்துட்டு, செத்த பல்பு எதுனாச்சும் பொறுக்கியாந்து காட்றான்."

துலுக்கானத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பதினொரு வருஷமாக அந்த வண்டியை ஓட்டுகிறவன். பின்சீட்டில் முதலாளியம்மா மறந்துவிட்டுப்போன வளையலைக் கையோடு திருப்பிக் கொடுத்தவன். அவனைப் பார்த்து 'கை வெச்சான்' என்றால்?

முதலாளி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "சாயந்திரம் பொண்ணுக்கு ஸ்ரீபெரும்புதூர்ல நிச்சயதார்த்தம். அஞ்சரைக்குக் குடும்பத்தோட கிளம்பணும். கடைசி ரெண்டு பல்பையும் செங்கல்வராயன் மார்க் பண்ணிக் குடுப்பார். அதையே மாட்டு. வழியில ஒண்ணு போச்சுன்னாலும் சாவியக் குடுத்துட்டுப் போயிடு" என்றார்.

துலுக்கானம் நேரே தசரதனின் எலக்ட்ரிக் கடைக்கு வண்டியை விட்டான். தசரதன் பானெட்டைத் திறந்து மீட்டரை வைத்துப் பார்த்தான். டைனமோ அளவுக்கு மீறிக் கரண்ட் தள்ளினால் பல்பு சீக்கிரம் போகும். தள்ளவில்லை, பதினாலு வோல்ட்டோடு நின்றது. பல்பு ஹோல்டரில் ஆடினால் உள்ளே இருக்கிற கம்பி அறுந்துபோகும். ஆடவில்லை. ரப்பர் வளையம் விட்டுப்போய் மழைத்தண்ணீர் இறங்கியிருக்குமோ என்று விளக்குக்குள் விரலை விட்டுத் தடவினான். உள்ளே காய்ந்துதான் இருந்தது.

"வண்டிமேல ஒரு குத்தமும் இல்ல மாமே" என்றான் தசரதன்.

ஆறுதலாகத்தான் சொன்னான் பாவம். வண்டிமேல் குற்றம் இல்லையென்றால் பிறகு யார்மேல்?

மணி மூன்றாகிவிட்டது. கடைசி நம்பிக்கையாக ஜமீலாவைத் தேடிப் போனான். மேனாம்பேட்டில் அவன் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரி. ஆஸ்பத்திரி ஆபரேஷன் விளக்குக்குப் பல்பு செய்கிற கம்பெனியில் சோதனை மேஜையில் வேலை பார்க்கிறாள். ஷிப்டு முடிந்து கேட்டுக்கு வெளியே வந்தவளிடம் கைக்குட்டையை அவிழ்த்து நாலு செத்த பல்பையும் நீட்டினான்.

அவள் ஒன்றைத் தகரமூடிப் பக்கமாகப் பிடித்து வெயிலில் திருப்பினாள். இன்னொன்றையும் திருப்பினாள். முகம் மாறியது.

"அண்ணாத்தே, இதுல கை வெச்சியா?"

"நீயுமா?" துலுக்கானத்துக்குக் குரல் கிழிந்தது. "எதிர் ஊட்ல இருந்துகினு என்னத் திருடன்றியா?"

"ஐயே, யார் உன்னத் திருடன்னா? கண்ணாடிய வெறுங்கையால தொட்டியான்னு கேட்டேன்."

அவள் காட்டினாள். நாலு பல்பிலும் ஒரே இடத்தில் கண்ணாடி பால்போல வெளுத்துக் கொப்புளமாக உப்பியிருந்தது.

"இது சாதா கண்ணாடி இல்ல. நெருப்பாக் கொதிக்கும். கைப்பிசுக்கு, எண்ணெ, உப்பு எது பட்டாலும் அந்த எடம் மட்டும் சாஸ்தியாச் சுட்டு உப்பிக்கும். அப்பால உள்ள இருக்கற காஸ் பூடும், பல்பும் பூடும். எங்க கம்பெனில கைல உறை போடாம தொட்டா ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஆனா இது வெறும் கைப்பிசுக்கு மாரியும் தெரில. நாலுத்துலயும் ஒரே எடம். இன்னா வெச்ச இங்க?"

துலுக்கானம் தன் மோதிரவிரலைப் பார்த்தான். புதுசாக எதை மாட்டினாலும், டயரானாலும் வைப்பரானாலும், சந்தனத்தைத் தொட்டு மாங்காட்டு அம்மன் குங்குமத்தை வைக்காமல் அவன் மாட்டியதில்லை. பழைய பல்புகள் அதைப் பொறுத்துக்கொண்டன. இந்தச் சிங்கப்பூர்ப் பல்புக்கும் நடு நெற்றி பார்த்து, பக்தியாகப் பொட்டு வைத்திருக்கிறான். நாலு தடவை.

அவன் அதைச் சொன்னபோது ஜமீலா சிரிக்கவில்லை. "தப்பா நெனச்சுக்காத அண்ணாத்தே. ஸ்பிரிட் தரேன். தொடச்சுட்டு, சுத்தமான துணியால புடிச்சு மாட்டு. ஒண்ணும் ஆவாது" என்று உள்ளே போய் ஒரு சின்ன சீசாவையும் வெள்ளைத் துணியையும் வாங்கிவந்து கொடுத்தாள்.

அவன் கம்பெனிக்குத் திரும்பியபோது மணி ஐந்து. மழை பிடித்துக்கொண்டது. போர்டிகோவில் முதலாளி, அம்மா, பட்டுப்புடவையில் பெண் எல்லோரும் தயாராக நின்றார்கள். செங்கல்வராயன் ஒரு கையில் பெட்டியோடு, இரண்டு பல்பையும் மறு உள்ளங்கையில் வைத்து நீட்டினார். சிவப்பு மெழுகுப் பென்சிலால் இரண்டின் கண்ணாடிமீதும் 'செ' என்று கொட்டையாக எழுதி, பத்தாததற்குச் சுற்றி வட்டமும் போட்டிருந்தார்.

துலுக்கானம் அந்தச் சிவப்பு வட்டத்தையே பார்த்தான். மெழுகு! அப்படியே மாட்டினால் பூந்தமல்லி தாண்டுவதற்குள் போய்விடும், இவன் திருடனாவான். துடைத்தால் அடையாளத்தை அழித்துவிட்டான், அப்போதும் இவன்தான் திருடன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

"மாட்டுய்யா, இன்னா பாத்துகினு நிக்கற?" என்றார் செங்கல்வராயன்.

"சார்" என்று முதலாளியைப் பார்த்தான் துலுக்கானம். "நான் கை வெச்சது நெசந்தான்."

செங்கல்வராயன் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"விக்கல சார். குங்குமம் வெச்சேன். நாலு பல்பும் என்னாலதான் போச்சு. இந்தக் கண்ணாடில கைகூடப் படக்கூடாதாம். பெட்டில படம் போட்டுக்கறது அதுக்குத்தான். இந்த மெழுகும் அதே வேல பண்ணும். நான் இதத் தொடைக்கணும். உங்க கண்ணு முன்னாலயே தொடைக்கறேன்."

"கத வுடறான் சார்! மார்க்க அழிச்சுட்டு வழியில மாத்திடுவான்."

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், கடைசியாகப் பெட்டியிலிருந்த படத்தைப் பார்த்தார். "துடை. ஆனா நான் சொன்னது சொன்னதுதான்" என்றார்.

அவன் குனிந்து, ஸ்பிரிட் நனைத்த துணியால் கடைசிச் சிவப்பும் போகும்வரை துடைத்தான். விளக்கின் வளையத்தைக் கழற்றி, பின்பக்கத்து ஒயரை உருவி, பல்பைத் துணியோடு பிடித்து, அதன் தகரக் காது விளக்கின் பள்ளத்தில் உட்காரும்படி வைத்துக் கம்பியைப் பூட்டினான். ஸ்டியரிங் முன் உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் வலது மோதிரவிரல் டாஷ்போர்டில் இருந்த குங்குமச் சிமிழ்ப் பக்கம் போயிற்று. இழுத்துக்கொண்டான். மன்னிச்சுக்கோ தாயே என்று மனசுக்குள் சொன்னான்.

ஆவடி தாண்டும்போதே இருட்டிவிட்டது. பருத்திப்பட்டுப் பள்ளத்தில் வண்டி குலுங்கியபோது இடது வெளிச்சம் ஒருகணம் துடித்தது. அவன் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தான். வெளிச்சம் திரும்ப நிலைத்தது, தண்ணீரில் சக்கரம் இறங்கியதுதான் காரணம் என்று புரிய அரை மைல் ஆயிற்று. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் எதிரே விளக்கில்லாத கட்டைவண்டி ஒன்று வந்தது. தூரத்திலேயே மாட்டின் கண்கள் தெரிந்ததால் ஒதுக்கி ஓட்டினான். பத்து கஜத்தில் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அவன் துணியவில்லை.

ஏழு மணிக்கு ஸ்ரீபெரும்புதூர் மண்டப வாசலில் வண்டி நின்றபோது இரண்டு விளக்கும் ஜம்மென்று எரிந்தன. எல்லோரும் உள்ளே போனபிறகு முதலாளி மட்டும் அவனருகில் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "உன்மேல தப்பில்லைன்னு பல்பே சொல்லிடுச்சு துலுக்கானம். செங்கல்வராயனை நான் கண்டிக்கிறேன். நாளைக்கு வழக்கம்போல வந்துடு."

சந்தோஷப்பட வேண்டிய நேரம். காலையிலிருந்து இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நாயாய் அலைந்திருந்தான். ஆனால் அது காதில் விழுந்ததும் நெஞ்சு கசந்தது.

"பல்பு சொன்னா நம்பறீங்க சார். பதினோரு வருசமா உங்க குடும்பத்து உசுரு என் கைலதான இருந்துச்சு. அது ஒண்ணும் சொல்லலியா?"

முதலாளியின் சிரிப்பு போய்விட்டது.

"நாளைக்கு வேற ஆளப் பாத்துக்கங்க" என்றான் துலுக்கானம். "நீங்க உள்ள போங்க சார், பொண்ணு தேடும். உங்க எல்லாரையும் பத்தரமா ஊடு சேத்துட்டுத்தான் போவேன்."