புது வண்டிக்குப் பின்னால் நடக்கும் அண்ணி

1

இந்தக் கதை ஒரு மரக்கட்டையிலிருந்து வந்தது. அதைவிடப் பெரிய ஊற்றுக்கண் எதுவும் இதற்கு இல்லை. டைல்ஸ் குடோனில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்காத புத்தம் புது பிக்கப்பின் முன் சீட்டில், ஒரு பெண் ஆப்பு மாதிரி அறுத்த கட்டையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் கைப்பை வைத்திருப்பதைப் போல. புது வண்டிக்கு எதற்குக் கட்டை என்று கேட்டேன். "வண்டிக்குத் துணை" என்றார்.

எப்படித் தொடங்குவது?

'அந்தி வெயில் மேட்டுப் பாதையில் பொன்னாக உருகி—' வேண்டாம். அந்த மேட்டில் வெயில் பொன்னாக இருந்ததே கிடையாது, மண்டையைத்தான் பிளக்கும்.

'அது கனவு கண்டு வாங்கிய வண்டி.' விளம்பரக்காரர்கள் இப்படித்தான் தொடங்குகிறார்கள். அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

'வண்டி நின்றது.' இதில் பொய் இல்லை. இது இருக்கட்டும்.

2

வண்டி நின்றது. காலியாக ஓடினால் மான்குட்டிதான். டைல்ஸ் ஏற்றிக்கொண்டு, புதுக் குடியிருப்பு கட்டுகிற மேட்டில் பாதி ஏறியதும் இன்ஜின் இரண்டு முறை இருமும், உயிரை விடும். உடனே பிரேக் மிதி கல்லாக இறுகும். ஸ்டியரிங் முறுக்கிக்கொள்ளும். கைபிரேக் அத்தனை சுமையைப் பிடிக்காது. வண்டி மெல்லப் பின்னால் உருளும். கீழே திருப்பத்தில் ஒரு மதில்.

முதல் தடவை அந்தப் பெண் (குடோனில் எங்களுக்கு அவர் அண்ணி) கதவைத் திறந்து குதித்து, கைக்குக் கிடைத்த கல்லைச் சக்கரத்தடியில் தள்ளினார். அது நழுவியது. இன்னொரு கல் நின்றது. மறுநாளே தச்சரிடம் போய்க் கட்டை அறுத்து வாங்கினார். அதிலிருந்து மேடு வந்தால் இறங்கிவிடுவார். வண்டி முன்னால் ஏறும், அண்ணி கட்டையோடு பின்னால் நடப்பார்.

வண்டி ஓட்டுகிற அவருடைய கணவருக்குக் குடோனில் நாங்கள் வைத்த பெயர் 'புதுவண்டி'.

"என்ன புதுவண்டி, இன்னைக்கு அண்ணி வண்டியைத் தள்றாங்களா, வண்டி அண்ணியைத் தள்ளுதா?"

"ரெண்டும் என்னைத்தான் தள்ளுது. பெட்டியை ஏத்துய்யா" என்பார்.

[மேட்டு லோடு வேண்டாம் என்று விட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்கிற வாசகர் ஒருவர் எப்போதும் இருப்பார். அந்த மேட்டு லோடுக்காகத்தான் பழைய வண்டியை விற்று இதை வாங்கினார்கள். குடோனுக்கு இப்போது வேறு பெரிய வேலை கிடையாது. திருப்தியா? மேலே போவோம்.]

3

சர்வீஸ் சென்டரில் ஏசி உண்டு, காபி மெஷின் உண்டு, மீன் தொட்டி உண்டு. வண்டியைச் சரிசெய்கிற ஆள்தான் கண்ணில் படுவதில்லை. சுவரில் வண்டி வாங்கியவர்களின் படங்கள். ஒன்றில் அண்ணியும் புதுவண்டியும் அட்டையில் செய்த ஆளுயரச் சாவியைப் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறார்கள். அந்தப் படத்துக்குக் கீழேதான் ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டும். மேலே சிரிப்பவர்களும் கீழே வாடிக் கிடப்பவர்களும் ஒரே ஆட்கள் என்பதை அங்கே ஒருவரும் கவனித்ததில்லை.

முன் மேஜையில் உட்கார்ந்து புகார் கேட்கிற டை கட்டியவருக்கு அண்ணி வைத்த பெயர் 'நார்மல்'.

"மேட்டுல நின்னுடுது தம்பி."

"புது இன்ஜின்மா. செட் ஆகுற வரைக்கும் நார்மல்தான்."

"பின்னாடி உருளுது."

"மேடுன்னா உருளத்தானேம்மா செய்யும்? நார்மல்."

"பிரேக் கல்லு மாதிரி ஆயிடுது."

"இன்ஜின் ஆஃப் ஆனா எல்லா வண்டியும் அப்படித்தான். நார்மல்."

"அப்ப எதுதான் தம்பி நார்மல் இல்லை?"

நார்மல் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "எர்ரர் எதுவும் காட்டலையேம்மா."

முதலில் டீசல் மேல் பழி போட்டார்கள். அடுத்த முறை புதுவண்டியின் கால் மேல்: கிளட்சை விடாமல் மிதிக்கிறாராம். அப்புறம் வண்டியின் மூளைக்கு ஏதோ புதுசாக ஏற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் கழுவித் துடைத்து, உள்ளே வாசனை அடித்துக் கொடுத்தார்கள். மேட்டில் வண்டி வாசனையாக நின்றது.

சோதித்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள். காலி வண்டியை, சமதளத்தில். லோடு வண்டியை உள்ளே விடமாட்டார்களாம்.

"தரை டைல்ஸ் உடைஞ்சிடும் சார்" என்றார் நார்மல்.

புதுவண்டி குனிந்து தரையைப் பார்த்தார். அவருடைய பழைய வண்டி சுமந்து வந்து இறக்கிய டைல்ஸ் அது.

"இது வெயிட்டு தாங்குற டைல்ஸ்தான் சார். நான்தான் கொண்டு வந்து எறக்குனேன்."

"அப்படியா சார்? ரொம்ப சந்தோஷம். லோடை எறக்கிட்டு வாங்க."

4

நார்மலைப் பற்றி எனக்கே ஒரு சந்தேகம். இப்படியும் ஒரு ஆள் இருப்பாரா? கதையில் எல்லோருக்கும் ஒரு நியாயம் இருக்க வேண்டும் என்கிறார்கள். சரி போகட்டும் என்று, படுத்த படுக்கையாக ஒரு அம்மாவைக் கொடுத்துப் பார்த்தேன். 'அடுத்த அறையில் அம்மாவின் இருமலைக் கேட்டதும் அவர்—' எழுதும்போதே தெரிந்துவிட்டது, அந்த இருமலையும் நார்மல் என்றுதான் சொல்லப் போகிறார். அம்மாவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பாவம், நல்ல மனுஷி.

'அண்ணியின் கண்களில்—' இதையும் விட்டுவிட்டேன். கண்களில் டைல்ஸ் தூசிதான் இருந்தது.

அவர் செய்ததைச் சொல்கிறேன். கட்டையைக் கொண்டு போய் நார்மலின் மேஜையில், காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என்னம்மா இது?"

"உங்க கம்பெனி குடுக்க மறந்த பார்ட்டு."

மீன் தொட்டிப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

"வண்டி நார்மல்தானே தம்பி? அப்ப பயம் இல்லை. ஒரே ஒரு நாள் எனக்குப் பதிலா நீங்க பின்னாடி நடங்க."

நார்மல் டையைத் தளர்த்திக்கொண்டார். "நடக்குறதுக்கெல்லாம் ரூல்ஸ் இல்லைம்மா. வேணும்னா நானே வந்து வீடியோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்புறேன். அவங்க பாத்தா டீசல் பம்பையே மாத்திக் குடுத்துடுவாங்க."

5

சொன்னபடி வந்தார். மேட்டோரத்தில் ஒரு வீட்டின் படியில், மேல் படியாகப் பார்த்து ஏறி நின்று போனை நீட்டினார். வண்டியில் முழு லோடு. ஏற்றியது நான், இறக்கவும் நானே வந்திருந்தேன். உள்ளே புதுவண்டி; பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் கட்டையோடு அண்ணி.

பாதி மேட்டில் இன்ஜின் இருமி நின்றது. வண்டி ஒரு சாண் உருள்வதற்குள் அண்ணி கட்டையைச் செருகிவிட்டார்.

நார்மல் உச்சுக் கொட்டினார். "என்னம்மா, கட்டையைப் போட்டுட்டீங்க? நிறுத்தி வெச்ச வண்டி மாதிரில்ல இருக்கு! உருள்றது தெளிவா தெரியணும். இன்னொரு தடவை எடுப்போம், கட்டை வேணாம்."

"கட்டை இல்லைன்னா அவர் மதில்ல இருப்பார் தம்பி."

"கொஞ்சம் உருண்டா போதும்மா."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"அது... மேலிடத்துலதான் கேக்கணும்."

உள்ளேயிருந்து புதுவண்டி தலையை நீட்டினார். "ஒரு தடவை விடும்மா. இன்னையோட இந்தப் பீடை ஒழியட்டும். நான் புடிச்சுக்கறேன்."

"எதை வெச்சுப் புடிப்பீங்க? பல்லாலயா?"

அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். இன்ஜினைக் கிளப்பி, அண்ணி கட்டையை உருவியதும் வண்டியைக் கீழே இறக்கி, மறுபடி ஏறத் தொடங்கினார்.

6

முடிக்க வேண்டும்.

வண்டி நிற்காமல் உச்சிவரை ஏறிவிடுகிறது, "பாத்தீங்களா, நார்மல்" என்கிறார் நார்மல். இது நடக்கக்கூடியதுதான். வண்டிக்கு மானம் கிடையாது, கேமராவைப் பார்த்தால் ஒழுங்காக நடந்துகொள்ளும்.

நார்மல் மனம் திருந்தி, போனை எறிந்துவிட்டு ஓடிவந்து— எறிய மாட்டார். விலை உயர்ந்த போன்.

'மதிலில் மோதிய சத்தம் கேட்டு—' மாட்டேன். நீங்கள் ஐயோ பாவம் சொல்வதற்காக ஒரு மனிதரின் முதுகெலும்பை நான் செலவழிக்க முடியாது.

வண்டி பாதி மேட்டுக்கு வந்துவிட்டது. இருமியது. நின்றது. நானும் கதையை இங்கேயே நிறுத்திவிட்டேன். கதைக்காவது பிரேக் பிடிக்கிறது.

புதுவண்டியின் காலுக்குக் கீழே மிதி இறுகிவிட்டது. படியின் மேல் போன் உயர்ந்திருக்கிறது. கட்டையைப் போட்டால் அவர் இன்றைக்குப் பிழைப்பார், வண்டி பழையபடி நார்மல், நாளைக்கும் அண்ணி பின்னால் நடப்பார். போடாவிட்டால் மேலிடத்துக்கு நல்ல வீடியோ கிடைக்கும்.

போடு என்றோ போடாதே என்றோ அண்ணியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் கட்டையை அவர் கையிலிருந்து வாங்கி உங்களிடம் தருகிறேன். இவ்வளவு நேரம் நீங்களும் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? கொஞ்சம் கனம்தான். இரண்டு கையாலும் பிடியுங்கள்.

சக்கரம் நகர்கிறது.