மூன்று நாள் கையிருப்பு

1.
இந்தக் கதை நான் ஒட்டுக்கேட்டது. வெள்ளவத்தையில் ஒரு கருத்தரிப்பு நிலையத்தில் இரவு வேலை பார்த்தேன். கருக்களை வைத்திருக்கும் இன்குபேட்டரின் வெப்பநிலையை மணிக்கொரு தடவை எழுதவேண்டும். ஒரு காலை, நான் கிளம்பும் நேரம், ஆய்வுகூடத்து மிதுனா கையுறையோடு நின்றதால் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் ஒரு பெண் ஒரு கேள்வி கேட்டாள். அடுத்த வாரம் வேலையை விட்டேன். (இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்காதீர்கள்.)

அவளுக்கு செலீன் என்று பெயர் வைத்தேன். வீடு கொட்டாஞ்சேனை.

2.
"கொட்டாஞ்சேனையில் மழை விடாமல்..." என்று தொடங்கி, அடித்துவிட்டேன். அன்று வெயில்.

உள்ளதைச் சொல்லித் தொடங்குகிறேன். கரு உண்டானதும் அதன் மரபணுக்கள் ஏறக்குறைய உறக்கத்தில்தான் இருக்கின்றன. தாய் முட்டைக்குள் முன்கூட்டியே வைத்துவிட்ட செய்திகளைக் கொண்டுதான் அது முதலில் பிரிகிறது. மூன்றாம் நாள் அளவில், நாலு செல் எட்டாகும்போது, அந்தக் கையிருப்பு தீரும். கருவின் சொந்த மரபணுக்கள் வேலையைத் தொடங்கவேண்டும். தொடங்காவிட்டால் அங்கேயே நின்றுவிடும்.

செலீனுக்கு மூன்று தரம் நாலில் நின்றது. இது கடைசித் தரம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருப்பது ஒரேயொரு கரு.

3.
மூன்றாம் நாள் காலை. நிலையத்திலிருந்து அழைப்பு வரவேண்டும். கணவன் எட்வேட் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தோனியாருக்கு நேந்திருக்கிறன்."

"போன தரமும் நேந்தனீங்கள். அவருக்கு நாலுக்கு மேல எண்ணத் தெரியாது போல."

"சும்மா இரும். எட்டு எண்டு சொல்லுவினம், பாரும்."

"முதல்ல ஃபோனை வையுங்கோ. தடவித் தடவியே தேய்ச்சுப் போடுவீங்கள்."

இங்கே செலீன் அழுவதாக அரைப்பக்கம் எழுதியிருந்தேன். "அவள் கண்களில்..." வேண்டாம். அந்த அழுகை என் கையிருப்பு. இதுவரை கதையை நான் ஓட்டினேன். இனி அவள் தானாகப் பேசாவிட்டால் இதுவும் நின்றுவிடும்.

4.
தொலைபேசி அடித்தது. எட்வேட்டை முந்திக்கொண்டு அவள் எடுத்தாள். முந்தைய மூன்று தரமும் "சரி மிஸ்" என்று மட்டும் சொல்லி வைத்தவள்.

"செலீன், இண்டைக்குக் காலமை பாத்தனான்..." என்று தொடங்கினார் மிதுனா.

"கொஞ்சம் பொறுங்கோ மிஸ். நாலோ எட்டோ, அதைப் பிறகு சொல்லுங்கோ. நான் முட்டையில குடுத்துவிட்டது இண்டையோட முடிஞ்சிருக்கும், என்ன?"

"ஓம்."

"அது போதுமா இருந்ததோ?"

மிதுனா குனிந்து பார்த்தார். கையில் எண் எழுதிய தாள். நானும் அதைப் பார்த்தேன்.

எட்டு என்றொரு முடிவு எழுதினேன். எட்வேட் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு ஓடுகிறான். நாலு என்றும் ஒன்று எழுதினேன். இரண்டையும் கிழித்துவிட்டேன். அவை எண்ணைச் சொல்கின்றன, அவளுக்குப் பதில் சொல்லவில்லை.

தொலைபேசி இப்போது உங்கள் கையில். எண்ணைச் சொல்ல அவசரப்படாதீர்கள். அவள் முதலில் கேட்டது அதை அல்ல.