பாக்கலாமுங்க

மாதிரிக்குக் கொண்டுபோன கிரைண்டரை அன்னூர்க் கடைக்காரர் சுற்றிப் பார்த்துவிட்டு, "பாக்கலாமுங்க" என்று சிரித்தார். அருள்குமார் அதை ஆர்டராகவே எடுத்துக்கொண்டு, பட்டறை நிறையக் கிரைண்டர் செய்து அடுக்கினான்.

"நம்மூர்ல வேண்டாங்கறதை அப்படித்தானுங்க சொல்லுவாங்க" என்று மனைவி லோகப்பிரியா தலையில் அடித்துக்கொண்டாள். கேட்டால்தானே? ஒன்றுகூட விற்கவில்லை. பட்டறையை மூடிய ஆத்திரத்தையெல்லாம் அவள்மேல் கொட்டினான். அவள் ஆனைமலைக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

இப்போது பெரியநாயக்கன்பாளையத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். வேலை கைக்கு வந்தால்தான் ஸ்பேனரையே தொடுகிறான். கடை ஓடுகிறது. அந்தத் தைரியத்தில் ஆனைமலைக்குப் போனான்.

"இனிமே கத்த மாட்டேன் அம்மணி. ஊட்டுக்கு வந்துரு."

லோகப்பிரியா தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். மரியாதையாகச் சிரித்தாள்.

"பாக்கலாமுங்க."

இந்த முறை அவனுக்கு உடனே புரிந்துவிட்டது.