கோளாறு கண்ணில் இல்லை

வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் அவள். அன்று மாலை ஒரு பெரியவரின் காலுக்குக் கட்டு மாற்றிவிட்டுக் காரில் திரும்பிக்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கையில் கணவர். மேற்கே திரும்பும் வளைவில் வெயில் நேராக முன்கண்ணாடியில் அடித்தது. அவ்வளவுதான், சாலையே காணாமல் போனது. கண்ணாடி முழுக்கப் பாலை ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. சட்டென்று பிரேக்கை மிதித்தாள். வண்டி குலுங்கி நின்றபோது, சைக்கிளில் வந்த ஒரு பெண் பம்பருக்கு ஒரு முழம் தள்ளிக் காலை ஊன்றிக்கொண்டு இவளை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டாள். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு சைக்கிளை மிதித்துப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

வீடு வரும்வரை கணவர் வாயைத் திறக்கவில்லை. அதுவே அதிசயம்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் வாசல் கேட் தூணில் வண்டியை உரசிவிட்டார். வெளியூரில் இருக்கும் மகன், "போதும்ப்பா, இனிமே ஓட்டாதீங்க" என்று போனில் சொன்னான். அன்றோடு விட்டுவிட்டார். அப்போதிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து வாயாலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். "பார்த்து, பார்த்து, லாரி வருது" என்பார். லாரி எங்கோ எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கும்.

வாசலில் வண்டி நின்றதும் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இனிமே நீ வண்டி எடுக்க வேண்டாம்."

"ஏங்க?"

"கண்ணு தெரியலன்னா ஒத்துக்கணும். வயசாயிடுச்சு. நான் விடலையா?"

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. வண்டிக் கண்ணாடிலதான் ஒண்ணும் தெரியல. உள்பக்கம் அழுக்கு படியுது."

"நீதான் தினம் காலையில துடைக்கிறியே. துடைச்ச கண்ணாடியில எங்கிருந்து வரும் அழுக்கு?"

அந்தக் கேள்விதான் அவளை அதிகம் குடைந்தது.

மகனுக்குப் போன் போனது. "அப்பா சொல்றது சரிதானேம்மா. எதுக்கு ரிஸ்க்கு?" என்றான் அவன். இரண்டு ஆண்களும் பேசி முடித்துவிட்டார்கள். அவள் எழுந்து நின்றாள்.

"காரணம் தெரியறவரைக்கும் நான் ஓட்ட மாட்டேன். அந்தப் பொண்ணு மேல ஏத்தியிருப்பேன், அது எனக்குத் தெரியும். ஆனா காரணம் என் வயசுன்னு நீங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து முடிவு பண்ணாதீங்க."

பீரோவில் இன்னொரு சாவி இருந்தது. அதை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள், அவர் பார்க்கும்படியாகவே.

மறுநாள் முதல் வேலையாகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சோதனை செய்த டாக்டர், படிக்கும் கண்ணாடிக்கு மட்டும் பவர் கொஞ்சம் கூடியிருக்கிறது, தூரப் பார்வையில் குறை ஏதும் இல்லை என்றார். வந்து கணவரிடம் சொன்னாள். "டாக்டருங்க மனசு நோகக்கூடாதுன்னு அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் அவர். அவளுக்கு வந்த கோபத்தில் அன்று அவருக்குக் காபி ஆறிப்போய்த்தான் கிடைத்தது.

பஸ் ஏறி, தோளில் மருந்துப் பையைச் சுமந்துகொண்டு நோயாளிகளைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்ததும் வண்டியைப் பார்த்தாள். நோயாளியைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள். எப்போது தொடங்கியது, எதற்குப் பிறகு கூடுகிறது என்று யோசித்தாள். குளிர் ஆரம்பித்ததும் காலையில் ஹீட்டர் போட்டு ஓட்டத் தொடங்கினாள். கண்ணாடியில் பிசுக்குப் படிவதும் ஏறக்குறைய அப்போதுதான் தொடங்கியது. இதை ஏன் இத்தனை நாள் யோசிக்கவில்லை?

கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, வண்டியை நகர்த்தாமல் சில நாள் வெயிலிலேயே விட்டுவைத்தாள். கண்ணாடி பளிச்சென்றே இருந்தது. பிறகு ஒருநாள் வாசலில் நின்றபடியே எஞ்சினைப் போட்டு, ஹீட்டரைத் திருப்பி, காற்றைக் கண்ணாடிப் பக்கம் விட்டாள். எஞ்சின் சூடேறியதும் கண்ணாடியின் கீழோரத்திலிருந்து மங்கல் மெல்ல மேலே ஏறியது. விரலால் தொட்டாள். வழவழவென்று இருந்தது. முகர்ந்து பார்த்தாள். குழந்தைகளுக்குக் கொடுக்கும் இருமல் சிரப் மாதிரி ஒரு தித்திப்பு வாசனை. கணவர் உட்காரும் பக்கம் கால்மிதியைத் தூக்கினாள். அடியில் ஈரம், கையில் ஒட்டியது.

"கொஞ்சம் வெளியில வாங்க" என்று கூப்பிட்டாள். கணவர் சன்னலிலிருந்தே எட்டிப் பார்த்தார். "நீதான் தண்ணி பாட்டிலைக் கொட்டியிருப்பே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தெருக்கோடி ஒர்க்‌ஷாப் மெக்கானிக்கை வரவழைத்தாள். எது உடைந்தாலும் முதலில் டேப் சுற்றிப் பார்ப்பதால் தெருவில் அவருக்கு 'டேப்' என்றே பெயர். அவர் வந்து ஏதோ ஒரு ஸ்ப்ரேயை அடித்துத் துடைத்தார்.

"எல்லா வண்டியிலயும் இருக்கிறதுதான் சிஸ்டர். வெயில்ல டாஷ்போர்டு பிளாஸ்டிக் சூடாகி ஆவி விடும். அது போய்க் கண்ணாடியில படியும். சாரை அனுப்புங்க, நான் விளக்கமா சொல்றேன்."

"வண்டி என் பேர்ல இருக்கு. விளக்கத்தை என்கிட்டயே சொல்லுங்க. வெயில்ல நின்னப்போ வரலை. ஹீட்டர் போட்டா வருது. அது ஏன்?"

டேப் தலையைச் சொறிந்தார். கால்மிதியின் ஈரத்தைக் காட்டினாள். அதைத் தொட்டுப் பார்த்தவர் பானெட்டைத் திறந்து, எஞ்சின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் தண்ணீர் டப்பாவைக் குனிந்து பார்த்தார். தண்ணீர் அளவுக்கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது.

"ஹீட்டருக்குள்ள ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கும், இந்தத் தண்ணிதான் அதுக்குள்ள சூடா ஓடும். அது ஒழுகுதோ என்னவோ. ஆனா அதைப் பார்க்கணும்னா டாஷ்போர்டையே கழட்டணும். பெரிய வேலை. இப்போதைக்கு ஹீட்டரைப் போடாம ஓட்டுங்களேன்."

"குளிர்ல கண்ணாடியைப் பனி மூடிக்கிட்டா என்ன பண்றது? கழட்டுங்க."

"உள்ள ஒண்ணும் இல்லன்னா?"

வாசற்படியில் கணவர் வந்து நின்றிருந்தார். அவருக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினாள். "ஒண்ணும் இல்லன்னா என் கண்ணுதான் கோளாறுன்னு நானே ஒத்துக்கறேன். ரெண்டு சாவியையும் கொடுத்துட்டு பஸ்லயே போறேன்."

"பேச்சு மாற மாட்டியே?" என்றார் கணவர்.

"நான் மாற மாட்டேன். நீங்க மாறாம இருங்க."

டேப் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த நாள்கள் அவளுக்கு எளிதாக இல்லை. பஸ்ஸில் நிற்கும்போது கடைப் பலகைகளைத் தூரத்திலிருந்தே ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துக்கொண்டாள். எல்லாம் தெரிந்தது. தெரிந்தும் ஓர் ஓரத்தில் பயமாகத்தான் இருந்தது.

ஒரு நோயாளிக்கு ஊசி போட்டுவிட்டு வெளியே வந்தபோது போன் அடித்தது. "சிஸ்டர், சாரையும் கூட்டிட்டு வாங்க" என்றார் டேப். அதோடு போனை வைத்துவிட்டார்.

ஒர்க்‌ஷாப்பில் அவர்கள் வண்டி வயிற்றைக் கிழித்துப் போட்டதுபோல் கிடந்தது. டேப் ஒரு சின்ன ரேடியேட்டரை மேசைமேல் வைத்தார். அதன் மூட்டு ஓரமாகப் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்குத் தட்டியிருந்தது. காற்றை அடைத்துத் தண்ணீரில் முக்கினார். அந்த இடத்திலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ்கள் கிளம்பின.

"கூலன்ட் இங்கதான் ஒழுகி, சூட்டுல ஆவியாகி, காத்தோட போய்க் கண்ணாடியில ஒட்டியிருக்கு. துடைக்கத் துடைக்க வரத்தான் செய்யும்" என்றார். "இதை டேப் சுத்தி எல்லாம் சரிபண்ண முடியாது. புதுசுதான் போடணும்."

கணவர் அந்தப் பொருக்கை விரலால் தொட்டார். முகர்ந்து பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"இந்தா."

"கொடுக்கிற மாதிரி நீட்டாதீங்க. அது என்னோட சாவி. நீங்க எடுத்திருக்கவே கூடாது."

அவர் கை அப்படியே நின்றது. பிறகு சாவியை மேசைமேல் வைத்தார். "தப்புதான்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை அவள் அவர் வாயில் அதிகம் கேட்டதில்லை.

புது ரேடியேட்டர் போட்டு வண்டி வந்த பிறகு அவள் வழக்கம்போல வேலைக்குப் போனாள். சாயங்கால வெயில் முகத்துக்கு நேரே அடித்தது. கூசியது, ஆனால் சாலை தெரிந்தது. பக்கத்தில் கணவர் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாயால்கூட ஓட்டவில்லை.

"அன்னைக்கு நான் தூண்ல உரசினது" என்று திடீரென்று ஆரம்பித்தார். "அதுவும் இதனாலதான் இருக்குமோ?"

பொய்யாக ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை.

"அப்போ இது ஒழுகலைங்க. உங்களுக்கு என்னன்னு எனக்குத் தெரியாது. பையனுக்கும் தெரியாது. நீங்களும் போய்ப் பார்க்கலை. அவன் சொன்னான், நீங்க விட்டுட்டீங்க."

"இப்போ பார்த்து என்ன ஆகப் போகுது?"

"என்ன ஆகுமோ, தெரிஞ்சுக்கலாம்ல?"

வண்டியை அப்படியே கண் ஆஸ்பத்திரிக்குத் திருப்பினாள். அவர் வேண்டாம் என்றார், இன்னொரு நாள் என்றார், பசிக்கிறது என்றுகூடச் சொன்னார். அவள் காதில் வாங்கவில்லை. இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது, சின்ன ஆபரேஷன்தான், முடிந்தால் நன்றாகத் தெரியும் என்றார் டாக்டர்.

விஷயம் கேட்ட மகன் போனில் பதறினான். "எதுக்கும்மா இந்த வயசுல ஆபரேஷன் எல்லாம்? அப்பா வீட்டுலதானே இருக்கார்? எங்க போகப் போறார்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கணவர் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"எங்க போறதுன்னு உன்கிட்ட கேட்டுக்கிட்டுப் போக மாட்டேன்டா" என்றார். "தேதி குறிச்சாச்சு. வர்றதுன்னா வந்து பாரு."