நிறுத்தச் சொன்னது யார்

1

இருந்தவர்கள்: தங்கை. அண்ணன். அண்ணி. போனில் ஒரு பல் டாக்டர். மாடி அறையில் ஒரு கம்ப்யூட்டர். நான் அங்கே இல்லை. ஆனால் எல்லோரையும் நடமாட விட்டவன் நான் என்பதால் என்னையும் சேர்க்க வேண்டுமோ என்னவோ.

கதை கிடைத்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பாதியில் விட்டுவந்த ஒரு ராத்திரி வேலை. எங்கோ இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு இங்கிருந்தே கட்டளை அனுப்ப வேண்டும். கட்டளையை வாங்கிக்கொள்ள அந்தப் பக்கம் ஒரு சர்வர் புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்து நாற்காலிக்காரர் ஒருமுறை அந்தப் புரோகிராமுக்கே 'நில்' என்று அனுப்பிவிட்டார். நின்றது. பிறகு 'ஓடு' என்று சொன்னால் கேட்க அங்கே ஆள் இல்லை. அவர் முகம் போன போக்கிலிருந்துதான் இந்தக் கதை.

2

"மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. தங்கை ஜன்னலோரம்—"

இல்லை. மழை பெய்யவில்லை. எனக்கு ஆரம்பிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அண்ணனும் தங்கையும் சேர்ந்து தொழில் செய்தார்கள். பல் டாக்டர்களின் திரையில் அடுத்து யார், எத்தனை மணிக்கு என்று காட்டும் தொழில். பிறகு சண்டை. (காரணம் மூன்று எழுதிப் பார்த்தேன். மூன்றும் சண்டையைவிடச் சின்னதாக இருந்தன.) "இனி இந்த வீட்டுப் படி ஏறாதே" என்றான் அண்ணன். அவள் ஏறவில்லை. ஆனால் தொழிலை நடத்தும் கம்ப்யூட்டர் அவன் வீட்டு மாடியில். எனவே போகும் முன் ஒரு சர்வர் புரோகிராம் எழுதி வைத்துவிட்டுப் போனாள். பாஸ்வேர்டு சரியாக இருந்தால், எங்கிருந்து கட்டளை வந்தாலும் அந்தக் கம்ப்யூட்டரில் செய்து முடித்துப் பதில் அனுப்பும். டாக்டர்களின் திரைக்குப் பட்டியல் போவதும் அதன் வழியாகத்தான். படி ஏறாமலே தினமும் அந்த அறைக்குள் போய்வந்தாள்.

அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அண்ணியிடம் பாஸ்வேர்டைச் சொல்லியிருந்தாள். (அது அண்ணன் அவளுக்குச் சின்ன வயதில் வைத்த பட்டப்பெயர் என்று முதலில் எழுதினேன். சினிமாத்தனம். அடித்துவிட்டேன்.)

3

ஒரு மதியம் ஒரு பல் டாக்டர் தங்கையை போனில் கூப்பிட்டார்.

"என்னம்மா, ஸ்கிரீன் வெறுமனே கெடக்கு. ஆளுங்க வாயத் திறந்துகிட்டு உக்காந்திருக்காங்க. சாயங்காலத்துக்குள்ள வரலன்னா வேற ஆள் பாத்துக்கறேன்."

பாஸ்வேர்டைக் கொடுத்தாள். பதில் இல்லை. புரோகிராமே ஓடவில்லை.

காலையில் இரண்டு ஜன்னல்கள் அவள் திரையில் பக்கத்துப் பக்கத்தில் திறந்திருந்தன. ஒன்று தன் அறையிலிருக்கும் சோதனைக் கம்ப்யூட்டர், மற்றது அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டர். சோதனைக்காக 'நில்' என்று அடித்தது ஞாபகம் இருக்கிறது. எந்த ஜன்னலில் அடித்தாள் என்பது ஞாபகமில்லை.

அண்ணிக்கு போன் போட்டாள்.

"நான் தொடவே இல்லப்பா. உங்க அண்ணன்தான் தூசி தட்டப் போறேன்னு காலையில மேல போனாரு."

"அவருக்கு பாஸ்வேர்டு தெரியுமா?"

"இந்த வீட்ல நான் எதத்தான் மறைச்சு வைக்க முடியுது?"

"நீங்க மேல போய் ஆன் பண்ணுங்களேன். நான் சொல்லச் சொல்ல அடிங்க."

"ரூம் சாவி அவர் பாக்கெட்ல."

பின்னாலிருந்து அண்ணன் குரல். "வேணும்னா வந்து பண்ணச் சொல்லு."

அது அழைப்பா, குத்தலா? அவளுக்குப் புரியவில்லை. எழுதுகிற எனக்கும் புரியவில்லை. புரோகிராமைக் கேட்டுப் பயனில்லை. பாஸ்வேர்டு சரியா என்றுதான் அது பார்க்கும். கொடுப்பது யார் என்று பார்க்காது.

4

அண்ணி கதவைத் திறந்தாள். "வா. செருப்ப உள்ளயே விடு, நாய் தூக்கிட்டுப் போயிடும்."

"யாரு?" என்றான் அண்ணன், யாரென்று நன்றாகத் தெரிந்தும்.

"பாஸ்வேர்டு கேக்கறாரு, சொல்லிட்டுப் போ" என்றாள் அண்ணி.

தங்கை சிரிக்கவில்லை. "நீதான நிறுத்தின?"

"நான் எதுக்கு நிறுத்தறேன்? நீயே எதையாவது தட்டியிருப்ப. உனக்கு எப்பவும் கை அவசரம்."

"இருக்கலாம். எனக்குத் தெரியல."

அவள் இப்படிச் சொல்லி அவன் கேட்டதே இல்லை.

"எனக்கும்" என்றான்.

இந்த 'எனக்கும்' என் திட்டத்தில் இல்லை. நிறுத்தினோமா இல்லையா என்று ஒருவனுக்கே எப்படித் தெரியாமல் போகும்? அந்த வரியை அடித்துப் பார்த்தேன். அடித்தால் அவன் வாயே திறக்க மாட்டேன் என்கிறான். அதனால் விட்டுவிட்டேன்.

5

முடிவுகள்:

அ) அவள் வரட்டும் என்று அண்ணன்தான் நிறுத்தினான். நம்ப முடியவில்லை. அவனுக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது.

ஆ) அவள் கை தெரிந்தேதான் அந்த ஜன்னலுக்குப் போனது. அப்படியென்றால் அவள் மனதுக்குள்—

இ) நான்தான். அவள் படி ஏறாவிட்டால் எனக்குக் கதை இல்லை. என்னிடம் யாரும் பாஸ்வேர்டு கேட்கவில்லை.

எது சரி என்று சத்தியமாகத் தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். அண்ணன் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து நீட்டினான். "உள்ள பூட்டிக்க. காத்துல கதவு அடிக்கும்."

அவள் மாடி ஏறினாள். புரோகிராமை ஓடவிடுவாள், டாக்டரின் திரை நிறையும். சந்தேகம் அதில் இல்லை. பாஸ்வேர்டில்தான். மாற்றிவிட்டால் இனி வேறு யாராலும் நிறுத்த முடியாது, அவளும் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். பழையதையே விட்டுவைத்தால் யாரோ மறுபடி நிறுத்தலாம். அவள் மறுபடி படி ஏற வேண்டிவரும்.

'மாற்றாதே' என்று எழுதிப் பார்த்தேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீங்கள் வேண்டுமானால் சொல்லிப் பாருங்கள்.

அவள் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கம் சாவி திரும்பியது.