உமி போன திசை

கப்பல் எண்ணெய் கடலில் கொட்டினால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்க பாம்பனுக்கு வந்த அம்ரீன், எண்ணெய்க்குப் பதிலாக ஒரு மூட்டை உமி கொண்டுவந்திருந்தாள். எண்ணெய் மாதிரியே உமியும் மிதந்து போகுமாம், கடலும் கெடாதாம். நல்ல கூத்துதான்!

பயிற்சிக்கு லீமாரோஸைக் கூட்டிவந்தது கொழுந்தன் ரெக்ஸ். வீட்டிலேயே கிடந்தால் பித்துப் பிடித்துவிடும் என்று பயந்தான். அவள் புருஷன் அருளானந்தத்தைக் கடல் கொண்டுபோய் நாற்பத்தாறு நாளாகிறது. வள்ளம் கவிழ்ந்ததும் அவன் ஒரு காலி கேனைப் பிடித்து மிதந்ததைக் கூடப் போனவன் பார்த்திருக்கிறான். அன்று தேடப் புறப்பட்ட ரெக்ஸ், "கிழக்க போவமா மதினி?" என்று கேட்டான். லீமாரோஸ் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றாள். காற்றில் கிழக்கே பறந்த முந்தானையை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, "நீவாடு தெக்க இழுக்குது. தெக்க போங்க" என்று அடித்துச் சொன்னாள்.

பாசி எடுக்க இருபது வருஷமாக முங்குகிறவள். நீரோட்டத்தை அவள் கால் சொல்லிவிட்டால் அந்தக் கரையில் மறுபேச்சு கிடையாது. தேடப் போன ஏழு படகும் தெற்கே போய் வெறுமனே திரும்பின. அன்றிலிருந்து அவளுக்கு அழுகையும் இல்லை, பசியும் இல்லை. எல்லாம் மரத்துப்போயிருந்தது.

"அக்கா, இப்ப எண்ணெய் கொட்டுனா எங்கிட்டு போகும்?" என்றாள் அம்ரீன்.

லீமாரோஸ் தண்ணீரில் இறங்கினாள். "தெக்க."

ரெக்ஸ் மூட்டையைக் கவிழ்த்தான். உமி கொஞ்சம் தயங்கியது. பிறகு பாய் விரித்தது போலப் பரவி நேரே கிழக்கே போயிற்று.

"நீங்க சொன்னதும் சரிதான்க்கா, நீவாடு தெக்கதான் ஓடுது. ஆனா மெதுவா ஓடுது. கச்சான் மேக்க இருந்து இப்பிடி பலமா அடிக்கிறப்ப, மேல மிதக்குறத காத்துதான் கொண்டுபோகும்."

"எது மிதந்தாலுமா?"

"ஆமாக்கா. எண்ணெய், உமி, காலி கேன், எதுனாலும்."

அம்ரீனுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். "அப்ப எண்ணெயைத் தடுக்குற மிதவைய எங்கன போடணும்?" என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டாள். லீமாரோஸ்தான் கையை நீட்டிக் கிழக்கே காட்டினாள். "சரியாச் சொன்னீங்க!" என்று அம்ரீன் கைதட்டினாள், மற்றவர்களும் தட்டினார்கள். ரெக்ஸ் காலி மூட்டையை மடித்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம் பொட்டலச் சோறு வந்தது. ரெக்ஸ் அவளுடையதைப் பிரித்து முன்னால் வைத்தான்.

"நீ அன்னைக்கே கேட்டியேப்பா, கிழக்க போவமான்னு."

அவன் நிமிரவில்லை. "சாப்பிடுங்க மதினி."

அவள் சாப்பிட்டாள்.