சத்தம் போடாத பெட்டி

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

நான் வீட்டிலிருந்தே கதைகளை வாசித்துப் பதிவுசெய்து, சிங்கப்பூரில் ஒலிநூல் தயாரிப்பவர்களுக்கு அனுப்புகிறவள். கம்ப்யூட்டர் காற்றாடியின் இரைச்சல் கேட்கிறது என்று அங்கே இருக்கும் கஸ்தூரி இரண்டு முறை பதிவைத் திருப்பி அனுப்பிவிட்டார். இன்னொரு முறை அப்படி வந்தால் வேலை வேறொருத்திக்கு. சத்தம் வராத பெட்டியாக ஒன்று வாங்கலாம் என்றேன். என் கணவர் குணாளன் விடவில்லை.

"அதுக்குப் போயி காசைக் கரியாக்கணுமா? நானே செஞ்சு தரேன் லா."

செய்தும் தந்தார். நேற்று அதில் பதிவுசெய்து அனுப்பிவிட்டேன். இன்று காலை அறைக்குள் நுழைந்தால் ஒரே நாற்றம்.

"உள்ள வேலைப்பாடு எப்படி? பாத்துச் சொல்லு லோஷி," என்று பெருமையாகப் பக்கத்தில் நின்றார்.

வேலைப்பாடாம்! நாலு பக்கமும் முட்டை அட்டை. அதுவும் எங்கள் லாபிஸ் ஊர்ப் பாசாரில் கோழிக்கடைக்காரர் தூக்கி எறிந்தது. ஒரு குழியில் மஞ்சள் கரு வழிந்து காய்ந்திருந்தது. இன்னொன்றில் கோழி எச்சமும் இறகும்.

"எதை வச்சு ஒட்டுனீங்க?"

"மைதா மாவைக் காய்ச்சித்தான். கம் வாடை உனக்கு ஆகாதே."

அந்தப் பசையைத் தின்னத்தான் ஊரிலுள்ள கரப்பான் அத்தனையும் குடிவந்திருக்கிறது. ஒன்று என் விரலில் ஏறியது. உதறினேன், அவர் சட்டையில் போய் விழுந்தது. நன்றாக வேண்டும்.

காற்றாடி அதிராமலிருக்க மூலைக்கொரு நீல ரப்பர் துண்டு வைத்திருந்தார். அந்த நீலத்தை எங்கோ பார்த்திருக்கிறேன்.

"இது என்னங்க?"

"என் ஜப்பான் சிலிப்பர்தான். பழசு."

கக்கூசுக்குப் போட்டுப்போகும் சிலிப்பர்! அதில் பட்டு வந்த காற்றை இழுத்து இழுத்துத்தான் நேற்று முழுக்கக் காதல் கதை வாசித்திருக்கிறேன்.

"அலமாக்! மனுசன் செய்ற வேலையா இது? ஒன்னு விடாம பிச்சுக் குப்பையில போடுங்க!"

அவர் முகம் சுருங்கிப்போனது. பிய்ப்பதற்கு அட்டையில் கை வைத்தார். அப்போது என் கைப்பேசி அடித்தது. கஸ்தூரி. கை அசிங்கமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"லோஷினி, சூப்பர் மா! கொஞ்சம்கூட இரைச்சல் இல்ல. அடுத்த ரெண்டு புத்தகமும் உங்களுக்குத்தான். ஒன்னே ஒன்னு, இப்ப இருக்கிற செட்டப்பை மட்டும் மாத்திடாதீங்க."

அவர் கை அட்டையிலேயே நின்றது. சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கு இன்னும் குமட்டிக்கொண்டுதான் இருந்தது.

"கரப்பானை மட்டும் வெரட்டுங்க," என்றேன். "சிலிப்பரைத் தொடாதீங்க."